பைபிளில் கறுப்பர், பெரிய புராணத்தில் நந்தன்

(சிதம்பரத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலூரில் ஓர் ஆலைவாசல் கூட்டம் முடிந்ததும் ஒரு கிறிஸ்தவத் தோழர் எங்களிடம் வந்தார். "நோவாவின் மகன் காம் பெற்ற சாபத்தால்தான் கறுப்பர்கள் அடிமைகளானார்கள் என்று வேதத்திலேயே இருக்கிறதாமே, தோழரே?" என்று கேட்டார். நாங்கள் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். வேத பண்டிதர்கள் அல்ல. ஆனாலும் அவரிடமே பைபிளை இரவல் வாங்கிப் படித்தோம்.

ஆதியாகமம் 9-ம் அதிகாரத்தில் சாபம் இருக்கத்தான் இருக்கிறது. யார் மேல்? காமின் மேல் அல்ல. அவன் மகன் கானானின் மேல்! எத்தியோப்பியருக்கு மூதாதையென்று சொல்லப்படும் கூஷ், காமின் இன்னொரு மகன். அவனைச் சபிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. தோல் நிறத்தைப் பற்றிய பேச்சே அங்கு கிடையாது. அமெரிக்கப் பருத்தித் தோட்ட முதலாளிகளுக்கு அடிமைகளை வைத்துக்கொள்ள ஒரு சாக்கு தேவைப்பட்டது. கானான் என்றிருந்த இடத்தில் கறுப்பன் என்று வாசித்துக்கொண்டார்கள்!

மேலும் புரட்டினோம். மோசேயின் மனைவி எத்தியோப்பியப் பெண். அதைச் சொல்லி மிரியாமும் ஆரோனும் பழித்தபோது, மிரியாமின் உடல் குஷ்டத்தால் பனிபோல் வெளுத்தது என்கிறது கதை. கறுப்பைப் பழித்த வாய்க்கு வெள்ளையே தண்டனை!

எங்கள் மனதில் நின்றவன் எபெத்மெலேக். எரேமியா தீர்க்கதரிசியின் பேச்சுப் பிடிக்காத பிரபுக்கள் அவரைச் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கிவிடுகிறார்கள். அரண்மனை ஊழியனான இந்த எத்தியோப்பியன்தான் அரசனிடம் போய் நியாயம் கேட்கிறான். கயிற்றோடு கந்தைத் துணிகளையும் உள்ளே விட்டு, "அக்குளில் வைத்துக்கொள்ளும்" என்கிறான். கயிறு சதையை அறுக்கக் கூடாதல்லவா? கிணறு தூர்வாரிய தோழர்களுக்கு இந்த அக்கறை விளங்கும்.

சிலுவை சுமந்த சீமோன், ஆப்பிரிக்காவின் சிரேனே ஊர்க்காரன். இன்று அது லிபியாவில் இருக்கிறது. அவன் நிறம் எழுதப்படவில்லை. வழியே வந்தவனைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. நம்மூர்ப் பாஷையில் வெட்டி!

இவையெல்லாம் அடிமைகளின் காதில் விழுந்தால் என்னாகும்? 1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்றே ஒரு பைபிளை வெட்டிச் சுருக்கி அச்சிட்டார்கள். எகிப்தின் அடிமைகளை மோசே விடுவித்து நடத்திச் சென்ற பகுதி அதில் இல்லை!

இன்னொரு எத்தியோப்பியன், ராணி கந்தாகேயின் பொக்கிஷத் தலைவன். எருசலேமில் தொழுதுவிட்டுத் திரும்பும்போது, ரதத்திலமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தைத் தானே வாசித்துக்கொண்டு போகிறான். வழியில் தண்ணீரைக் கண்டதும், ஞானஸ்நானம் பெற எனக்கென்ன தடை என்று பிலிப்புவைக் கேட்கிறான். எந்தத் தோலோடு இறங்கினானோ அந்தத் தோலோடு கரையேறிச் சந்தோஷமாகப் போகிறான். அதே புத்தகத்தை ஓதும் தமிழ்நாட்டுத் தேவாலயங்கள் பலவற்றில், கல்லறையிலும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கினார்கள் என்பது வேறு சங்கதி.

இந்தக் கதையைப் படித்தபோது நமக்கு யார் நினைவு வந்திருக்கும்? ஆதனூர் நந்தன்தான்! 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் அவர் நாயனார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போயிற்று. அவர் தோல் போக முடியவில்லை! தில்லையின் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தெற்கு மதிலுக்கு வெளியே, வாசல் முன்பாக மறையவர்கள் மூட்டிய நெருப்பில் இறங்கி, பூணூலும் சடையுமாக முனிவராக எழுந்த பிறகே உள்ளே போனார் என்கிறது புராணம். எத்தியோப்பியன் தோலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நந்தன் மாற்ற வேண்டியிருந்தது.

சேக்கிழாரின் கதையில் ஆண்டை கிடையாது. 1860-களின் தொடக்கத்தில் வந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில்தான், 40 வேலிப் பயிரை முடித்துவிட்டுப் போ என்னும் வேதியர் வருகிறார். நாற்பது வேலியென்றால் 260 ஏக்கருக்கு மேல்! புராணம் விட்ட பண்ணையைப் பாட்டு கொண்டுவந்து நிறுத்தியது.

சுவாமி சகஜானந்தர் 1916-ல் இந்தச் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் தாங்களே வாசிக்கக் கற்றார்கள். நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசலை அடைத்த சுவரை அகற்றச் சொல்லி 2010-ல் இதே ஊரில் தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராடியது. இரவல் வாங்கிய பைபிளைக் கடலூர்த் தோழரிடம் திருப்பிக் கொடுத்தபோது இதையும் சொன்னோம். பெரிய புராணம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.