இருபத்தொன்பது இலக்கப் பேரெண்

 

79228162514264337593543950336. இருபத்தொன்பது இலக்கங்கள் கொண்ட இவ்வெண், பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோம்மடசாரத்தின் ஜீவகாண்டத்தில் பரியாப்த மனிதர்களின் தொகையாகக் கூறப்பெறுகிறது. இரண்டரைத் தீவு முழுவதையும் தழுவிய அத்தொகையை இன்றைய மக்கள்தொகைக் கணக்கோடு ஒட்டிப் பார்ப்பது பொருந்தாது. ஈண்டுக் கருதத்தக்கது எண்ணின் இயல்பே.

இரண்டை இரண்டால் பெருக்கினால் 4. அதன் வர்க்கம் 16. பின்னர் 256, 65536, 4294967296. இந்த ஐந்தாம் வர்க்கத்தின் கனமே மேற்கண்ட பேரெண். ஏழே பெருக்கல்களில் அது கிடைத்துவிடுகிறது! 65536-க்குப் 'பண்ணட்டி' என்று பெயர்; அறுபத்தைந்து என்பதே அப்பிராகிருதச் சொல்லின் பொருள். தலையிலக்கங்களையே பெயராக்கிய வழக்கம் சுவையானது.

பேரெண்ணின் இலக்கங்களை ஆசிரியர் எழுத்துகளில் பொதிந்து, ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கிக் காதையாகத் தருகிறார். தமிழர்க்கு இடர் இங்கேதான் உண்டு. அம்முறையில் ககரத்தின் நான்கு ஒலிகளுக்கும் முறையே 1, 2, 3, 4 என மதிப்பு. தமிழெழுத்திலோ நான்கிற்கும் ஒரே 'க'. கிரந்த எழுத்தோ வருக்கக் குறியெண்ணோ இன்றி அக்காதையை அச்சிட்டால், 2-க்குரிய ககரமும் 3-க்குரிய ககரமும் ஒன்றாகிவிடும். தகரம் 6-ஆ, 9-ஆ என்பதும் விளங்காது. மனப்பாடம் பிழையற இருந்தும் எண் தொலைந்துபோகும்.

தொலைந்ததை மீட்கும் வழியை எண்ணே தன்னுள் வைத்திருக்கிறது. இலக்கங்களைக் கூட்டினால் 127, அதன் இலக்கக் கூட்டல் 10, பின் 1. பேரெண் பதினாறு அறுபத்துநான்குகளின் பெருக்கம். 64-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 1. ஆதலின் இதற்கும் மீதி 1-ஆகவே இருத்தல் வேண்டும். 3, 5, 7, 13, 17 ஆகியவற்றால் வகுத்தாலும் மீதி 1-தான். ஆயினும் இரண்டு இலக்கங்கள் தம்முள் இடம் மாறின், கூட்டல் சோதனை அதைக் காட்டிக்கொடாது.

அதற்கு அர்த்தச்சேதமே தக்கது. ஓர் எண்ணை எத்தனை முறை சரிபாதியாக்கினால் ஒன்று எஞ்சும் என்னும் கணக்கு அது. வீரசேனாசாரியரின் தவளா உரை அதனை விரிவாகக் கையாள்கிறது. இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கையும் அதுவே. ஐரோப்பாவில் நேப்பியரின் மடக்கை நூல் வெளிவந்தது 1614-இல். இப்பேரெண்ணின் அர்த்தச்சேதம் 96. ஓரிலக்கம் பிழைபட்டாலும், ஒன்றை எட்டுமுன்னர் வேறோர் ஒற்றைப்படை எண்ணில் வகுத்தல் முட்டிநிற்கும்.

இல்லத்துப் பிள்ளைகள் தாளும் எழுதுகோலும் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம், கணிப்பொறி வேண்டா. நாற்பத்தெட்டாம் முறை பாதியாக்கும்போது 281474976710656 வருதல் வேண்டும். வாராவிடின் பிழை அதற்கு முன்னரே நேர்ந்துள்ளது.