படம் பார்த்தவன் பேசக்கூடாதா?

(உழைப்பாளி மக்கள் குடியிருப்பு ஒன்றில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சினிமாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்தக் கிளைத் தோழர்கள் என்னை அழைத்தபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. நான் படம் எடுத்தவன் அல்ல. படக் கலையைப் படித்தவனும் அல்ல. காசு கொடுத்து டிக்கட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்து, சிரித்துவிட்டும் அழுதுவிட்டும் வீட்டுக்குப் போகிறவன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் நாட்டில் கோடிக்கணக்கான ஜனங்கள் என்னைப் போன்றவர்கள்தானே? அவர்களுடைய அபிப்பிராயத்தைப் பற்றிப் பேச அவர்களில் ஒருவனுக்கு என்ன தடை?

கொட்டகையை விட்டு வெளியே வருகிற கூட்டத்தைக் கவனியுங்கள். வாசல் தாண்டுவதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. டீக்கடையில் தொடர்கிறது, பஸ்ஸில் தொடர்கிறது, மறுநாள் மில் வாசலிலும் குழாயடியிலும் தொடர்கிறது. "முதல் பாதி பரவாயில்லை, பின்பாதி இழுவை" என்கிறான் ஒருவன். "அந்தப் பெண்ணை ஏன் அப்படி அழவிட்டார்கள்?" என்று கேட்கிறாள் ஒருத்தி. இதுதான் மக்களின் விமர்சனம். இதற்குப் பத்திரிகை இல்லை, பட்டம் இல்லை. ஆனால் ஒரு படத்தை ஓட வைப்பதும் இதுதான். உட்கார வைப்பதும் இதுதான்.

யாருக்கு இந்தப் பயம்?

இந்தப் பேச்சைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள் தோழர்களே! 2024 நவம்பரில் 'கங்குவா' என்ற பெரிய படம் வெளியாயிற்று. முதல் நாளே கொட்டகை வாசலில் ரசிகர்கள் யூடியூப் சேனல்களின் மைக்குகளுக்கு முன்னால் தங்கள் ஏமாற்றத்தைக் கொட்டினார்கள். உடனே தயாரிப்பாளர் சங்கம் ஒன்று அறிக்கை விட்டது. முதல் காட்சி முடிந்ததும் ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்பதைத் தியேட்டர் வளாகத்தில் அனுமதிக்கக் கூடாது என்று கொட்டகை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தையும் அணுகினார்கள். 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அவர்கள் சொல்லுகிற குறையில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காசு வாங்கிக்கொண்டு ஒரு படத்தைத் தூற்றுகிறவர்கள் உண்டு. ஒரு நடிகரின் ரசிகர்கள் இன்னொரு நடிகரின் படத்தைப் பார்க்காமலேயே காலையில் எழுந்து வசைபாடுவதும் உண்டு. இது விமர்சனம் அல்ல, கூலிப் பிரசாரம். இதை நாமும் கண்டிக்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி! காசு வாங்கிக்கொண்டு தூற்றுவது தவறென்றால், காசு வாங்கிக்கொண்டு புகழ்வது மட்டும் சரியா? படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே கோடிக்கணக்கில் செலவழித்து, "இதுபோல் ஒரு படம் வந்ததே இல்லை" என்று முழங்குகிறார்களே, அதற்கு மூன்று நாள் தடை கேட்டார்களா? பெரிய படத்தின் வசூலில் பெரும்பங்கு முதல் மூன்று நாட்களிலேயே கிடைத்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான கொட்டகைகளை ஒரே நேரத்தில் வளைத்துப் பிடித்து, உண்மை வெளியே தெரிவதற்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும் என்பதே இன்றைய வியாபார முறை. அந்த மூன்று நாள்தான் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய மூன்று நாள்! சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையா என்று புரட்டிப் பார்க்கிறோம். சினிமாச் சரக்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டுமாம்!

"படம் தோற்றால் தொழிலாளி பட்டினி கிடப்பானே" என்றும் வாதம் செய்கிறார்கள். விளக்குத் தூக்குகிறவனுக்கும், செட் போடுகிற தச்சனுக்கும் கிடைப்பது அன்றாடக் கூலி. படம் வெற்றி பெற்றால் அவனுடைய கூலி உயருகிறதா? இல்லை. இலாபத்தில் நினைவுக்கு வராத தொழிலாளி நஷ்டத்தில் மட்டும் நினைவுக்கு வருகிறான்!

பேச்சுதான் சிறிய படத்தின் துணை

இதே பேச்சுதான், தோழர்களே, விளம்பரத்துக்கு வழியில்லாத படங்களை வாழவும் வைக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' கிராமத்துக் கிரிக்கட்டைப் பற்றிய சின்னப் படம். விளையாட்டு மைதானத்திலும் சாதி எப்படி வேலி போடுகிறது என்று சொன்னது. 2025 மே தினத்தன்று வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இந்தப் படங்களை ஓட வைத்தது எந்தச் சுவரொட்டி? பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் "போய்ப் பார்" என்றான். அவன் குடும்பத்தோடு போனான். அவ்வளவுதான்.

பேச்சு பரவ நேரமும் இடமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமது சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1960-இல் 'பாதை தெரியுது பார்' என்ற படம் வந்தது. நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். நம் இயக்கத்தோடு ஒட்டி நின்ற கலைஞர்கள் சேர்ந்து எடுத்த படம். தேசிய விருதுச் சான்றிதழும் பெற்றது. ஆனால் கொட்டகைகளில் அது நிலைக்கவில்லை. பார்க்க வேண்டிய தொழிலாளி பார்ப்பதற்கு முன்பே படம் போய்விட்டது. நல்ல படம் எடுத்தால் மட்டும் போதாது. அது ஜனங்களிடம் போய்ச் சேர வேண்டும், ஜனங்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே அதில் நமக்குள்ள பாடம்.

நான் வாங்கிய அடி

இனி நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். குற்றம் முழுவதும் முதலாளிகள் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

2024 ஆகஸ்டில் மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. அதைப் பற்றி நிறையப் படித்தேன். ஆனால் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை காய்கறி மார்க்கெட் டீக்கடையில் சுமைதூக்கும் தோழர்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருப்பேனா? நடுவில் புகுந்து, கூலி உழைப்பைப் பற்றியும் கிராமப்புறச் சுரண்டலைப் பற்றியும் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர் ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, "தோழர், படம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

அவர் கோபப்படவில்லை. தானே சொன்னார்: "ஒரு தாருக்கு ஒரு ரூபா கூடக் கேக்குறாங்க. வியாபாரி சரின்னு குடுத்திடுறான். அப்புறம் ஆளுங்களுக்குத் தனி வண்டி கிடையாதுன்னுட்டான். காய் ஏத்துன லாரி மேலயே ஏறிப் போங்கன்னுட்டான். கையில குடுத்த ரூபாயை லாரியில பிடுங்கிட்டான் தோழர்! அந்த லாரிதான் கவுந்துச்சு."

தோழர்களே, நான் கால் மணி நேரம் பேசியதை அவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். போராடிப் பெற்ற கூலி உயர்வை முதலாளி வேறு வழியில் எப்படித் திரும்பப் பிடுங்குகிறான், அதற்குத் தொழிலாளி தன் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்கிறது என்பதை நாம் எத்தனை வகுப்புகளில் விளக்கியிருக்கிறோம்! அவர் அதைத் திரையில் கண்டுபிடித்தார். எப்படி முடிந்தது? அவருடைய தோளும் கழுத்தும் அந்தச் சுமையை அறியும். அந்தக் கதையும் வெறும் கற்பனை அல்ல. ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் வாழை சுமக்கப் போன கூலி மக்கள் லாரி விபத்தில் மாண்ட சம்பவம்தான் அதன் வேர்.

அதே டீக்கடையில் இன்னொரு இளைஞன், "டீச்சர் கதை ரொம்ப நீளம், எனக்குச் சலிச்சுப் போச்சு" என்றான். கடை நடத்தும் அம்மாள், "பள்ளிக்கூடம் போற புள்ளைய லீவுல சுமக்க அனுப்புறாளேன்னு அந்தத் தாய் மேல எனக்குக் கோபம் வந்துச்சு. அப்புறம் அவ கடனை நினைச்சேன், கோபம் போயிடுச்சு" என்றார். மூன்று பேர், மூன்று அபிப்பிராயம். ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. மறுநாளே நான் போய்ப் படத்தைப் பார்த்தேன்.

நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிவப்புக் கொடி தெரிந்தால் நல்ல படம். தெரியாவிட்டால் பிற்போக்குப் படம்! இது சோம்பேறித்தனம். நல்ல கருத்தைச் சொல்லிய படம் கலையில் சோடை போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 'லப்பர் பந்து'வைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் பேசியதைக் கேட்டேன். ஆண்கள் பந்தையும் மட்டையையும் பேசினார்கள். பெண்களோ, "அவன் மட்டையைத் தூக்கிட்டுப் போயிடுறான், வீட்டுச் சுமை யார் தலையில?" என்று கேட்டார்கள். ஒரே படத்தைத்தான் பார்த்தோம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை! எல்லோரும் பேசினால்தான் படம் முழுதாகத் தெரியும்.

உள்ளே விடாதே!

பேசுவதற்கு முன்னால் பார்க்க முடிய வேண்டும் அல்லவா? 2023 மார்ச் 30-ந் தேதி சென்னைக் கோயம்பேட்டில் என்ன நடந்தது? 'பத்து தல' படம் பார்க்க டிக்கட் வாங்கிக்கொண்டு வந்த நரிக்குறவர் குடும்பத்தைத் தியேட்டர் வாசலில் மறித்தார்கள். கையில் டிக்கட் இருக்கிறது; ஆனால் உள்ளே விட மறுப்பு! அங்கிருந்தவர்கள் படம் பிடித்து உலகறியச் செய்த பிறகு, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, அவர்களுக்குக் கதவு திறந்தது. படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, குழந்தைகள் இருந்தார்கள் என்று சமாதானம் சொன்னார்கள். பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்பதுதானே அந்தச் சான்றிதழின் பொருள்? அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார்? அதே கொட்டகைக்குப் படம் பார்க்க வந்த சாதாரண ரசிகர்கள்! ரசிகனின் வாய் எதற்குப் பயன்படும் என்று இப்போது தெரிகிறதா?

விலையும் ஒரு கதவுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, நல்லது. அதற்கு மேலே போனால் 18 சதவிகிதம். நான்கு பேர் கொண்ட குடும்பம் பஸ் கட்டணமும், தின்பண்டமும் சேர்த்துப் படம் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி மிஞ்சுமா? அப்படிச் செலவழிப்பவனைப் பார்த்து "மூன்று நாள் பேசாதே" என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம் தோழர்களே. மாதம் ஒரு படத்தைக் குடும்பத்தோடு சேர்ந்து பாருங்கள். மறுநாள் மாலை இதே இடத்தில் கூடிப் பேசுங்கள். பார்க்காதவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் பட்டது போதும். "நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை" என்று நிறுத்தாமல் எந்தக் காட்சி, ஏன் என்று சொல்லுங்கள். அந்தக் கதையில் உழைக்கிறவன் யார், அனுபவிக்கிறவன் யார், பெண்ணுக்கு என்ன இடம் என்று கேளுங்கள். முதலில் பெண்களைப் பேச விடுங்கள். நடிகருக்காகச் சண்டை போடாதீர்கள். அவருக்கு நம் சண்டையால் இலாபம், நமக்கு நண்பன் நஷ்டம். பிடித்த படத்தைப் பிடித்தது என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். நாளெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரண்டரை மணி நேரம் சிரித்தால் அது குற்றமல்ல.

நாம் கொடுக்கிற காசில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. நம் வாழ்க்கையிலிருந்துதான் அதற்குக் கதை கிடைக்கிறது. காசும் நம்முடையது, கதையும் நம்முடையது என்றால் அபிப்பிராயம் மட்டும் ஏன் இன்னொருவனுடையதாக இருக்க வேண்டும்?

பாருங்கள்! பேசுங்கள்! பயமில்லாமல் பேசுங்கள்!