எண்ணெய் சுமக்கும் பாரம்



கொள்ளேகால் என்ற ஊர்ப்பெயர் நம்மில் பலருக்கு அந்நியமானதன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்படும் வரையில் அது கோயமுத்தூர் ஜில்லாவின் ஒரு தாலுகாவாக இருந்தது. பின்னர் மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்து, இன்று கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்தில் அமைந்திருக்கிறது. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற அந்த ஊரைச் சுற்றிலும் கரும்பும் நெல்லும் விளைகின்றன. அந்த மாவட்டத்தின் கருங்கல் கடல் கடந்தும் செல்கிறது. கரும்பானாலும் கல்லானாலும் சுமந்து செல்வது பெரும்பாலும் டிராக்டரும் அதன் பின்னே பூட்டிய டிப்பருமே. அவற்றை ஓட்டுகிறவர்களுள் மேட்டூர்ப் பக்கத்திலிருந்தும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் போன நம்மவர்கள் உண்டு. அந்த டிப்பரைத் தூக்கி இறக்கும் எண்ணெய் யந்திரம் வழியில் மக்கர் செய்தால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

ஊருக்கு அருகில் சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிறது. அந்த நீரின் வேகத்தைக் கொண்டு 1902-இல் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்க வயலுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓடும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. டிப்பரிலோ ஓட்டம் முக்கியமன்று. அடைபட்ட எண்ணெயின் அழுத்தமே பாரத்தைத் தூக்குகிறது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டார். 1795-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் அதனைக் கொண்டு ஓர் அழுத்து யந்திரம் சமைத்து உரிமை பெற்றார். கணக்கு எளிது. பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஜாக்கியின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் 11 டன்னுக்கு மேல் தூக்கும். மோட்டார் காரின் டயரில் உள்ள காற்றழுத்தம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ரப்பர்க் குழாய்க்குள் எத்தகைய சக்தி அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்காவில் வீட்டையே மோட்டார் வண்டியாகக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் பக்கத்துச் சுவர் அறையோடு வெளியே நகர்ந்து இடம் அகலமாகும். அத்தகைய வண்டிகள் பலவற்றில் அவ்வறையைத் தள்ளுவதும் இதே எண்ணெய்தான். அங்கே அறை பாதியில் நின்றுவிட்டால் முதலில் பாட்டரியைப் பார்க்கிறார்கள். பிறகு எண்ணெய் மட்டத்தை. சுகவாசியின் அறையானாலும் கல் ஏற்றிய டிப்பரானாலும் நோய் ஒரே குடும்பத்து நோய்தான்.

ஒரு மாலை கொள்ளேகாலுக்கு வெளியே ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று தூக்க மறுத்து நின்றதைக் கண்டேன். ஓட்டுநர் நம்மவர், தினக்கூலிக்காரர். பம்பு போய்விட்டது என்று கூடி நின்றவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பம்புக்கு ஆகும் செலவைக் கூலியில் பிடிப்பேன் என்றார் வண்டிக்குச் சொந்தக்காரர். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போது அங்கு வந்த கன்னடத்து மெக்கானிக் ஒருவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவேயில்லை. டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் கைகளை லீவரால் தூக்கிக் காட்டச் சொன்னார். அவை சட்டென்று எழுந்தன. அந்த வண்டியில் இரண்டுக்கும் பம்பு ஒன்றே. ஆகவே பம்பு நலமாக இருக்கிறது, குறை அதற்கு அப்பால் இருக்கிறது என்று முடிவு கட்டினார். எஞ்சினை நிறுத்தி, லீவரை அசைத்து அழுத்தத்தை விடுவித்து, ஹோஸ் சேரும் கப்ளிங்கைக் கழற்றினார். அதன் வாயில் மண் கட்டியிருந்தது. அதனால் முழுதும் உட்காரவில்லை. உள்ளேயிருக்கும் சிறு குண்டு வழியை அடைத்துக்கொண்டு எண்ணெயை விடவில்லை! துடைத்து மாட்டியதும் டிப்பர் எழுந்தது. பம்பை வாங்கியிருந்தாலும் அது எழுந்திருக்காது.

டிப்பர் எழாவிட்டால் பம்பைச் சந்தேகிக்குமுன் பார்க்க வேண்டியவை கப்ளிங், எண்ணெய் மட்டம், உறிஞ்சும் வழியிலுள்ள வடிகட்டி, அளவுக்கு மீறிய பாரம் ஆகியவை. எண்ணெய் மட்டத்தை டிப்பரைக் கீழே இறக்கிய பின்னரே பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஜாக்கி ஒரு மீட்டர் நீண்டால் ஏறத்தாழ எட்டு லிட்டர் எண்ணெயைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். தூக்கிய நிலையில் அளந்து ஊற்றினால் இறக்கும்போது பொங்கி வழியும். மட்டம் குறைந்தாலோ பம்பு காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், டிப்பர் குலுங்கிக் குலுங்கி ஏறும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முழுதும் மாற்றுவதே நலம்.

தூக்கிய டிப்பர் தானே இறங்குவது வேறு நோய். எண்ணெய் தூக்க, தன் பாரத்தால் இறங்கும் ஜாக்கியில் சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியே கசிந்து கண்ணுக்குத் தெரியும். ஜாக்கியிலும் ஹோஸிலும் துளி ஈரமும் இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால், எண்ணெய் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது என்று பொருள். அப்போது ஜாக்கியைப் பிரிப்பது வீண் வேலை.

கசிவைத் தேடுவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஹோஸில் ஊசித்துளை அளவு ஓட்டையிருந்தால் அதிலிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாமலே தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலால் தடவித் தேடுவது பலருக்குப் பழக்கம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பாய்ந்த இடம் முள் குத்தியது போலத்தான் இருக்கும். வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம். மருந்து தடவிக்கொண்டு வீட்டிலிருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே செல்ல வேண்டும்; அழுத்தத்தோடு எண்ணெய் பாய்ந்தது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிறு காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடக்கூடும்.

தூக்கிய டிப்பரின் கீழே தலையை நுழைக்கிறவர்கள் எண்ணெயை நம்பி நுழைகிறார்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் மேலேயிருக்கும் தொட்டி இறங்க ஒரு விநாடி போதும். பாரத்தை இறக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி, உறுதியான இரும்பு முட்டுக் கொடுத்த பிறகே கீழே போகலாம். கல்லும் மரக்கட்டையும் முட்டு ஆகா. தூக்குமுன் மேலே மின்கம்பி செல்கிறதா என்றும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். கரும்பு வயலின் ஓரத்தில் அவை தாழ்ந்து தொங்குவதுண்டு.

அந்த மாலை மெக்கானிக்கும் ஓட்டுநரும் பேசிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அவர் ஹோஸைக் காட்டி, “எண்ணெ சோருதா?” என்று கன்னடத்தில் கேட்டார். சோர்தல் என்பது நம் பழந்தமிழில் ஒழுகுதலே. நாம் கண்ணீருக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம், கன்னடத்தார் எண்ணெய்க்கும் கூரைக்கும் வழங்குகிறார்கள். ஓட்டுநருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கூலியில் பிடித்தம் என்ற பேச்சும் அதோடு நின்றது. மறுநாள் அவர் கடைவீதியில் கப்ளிங்குக்கு ஒரு ரப்பர் மூடி வாங்கி, அது தொலைந்து போகாமலிருக்கச் சிறு சங்கிலியால் ஹோஸோடு கட்டிக்கொண்டிருந்தார்.