அந்தப் பத்து ரூபாயை யார் குறைப்பது?

(வட்டாரக் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் திருப்பூரில் 18 வருசமா ஓவர்லாக் மெஷினில் உட்கார்றவ. எங்க குழுவில் 4 பேர் சேர்ந்து கடன் வாங்கி, 3 மெஷின் போட்டு, ஒரு கம்பெனிக்கு ஜாப் ஒர்க் தைத்தோம். ஒருநாள் ஓனர் கூப்பிட்டு, "பீஸ் ரேட்டைக் குறைச்சுக்கங்க, இல்லைன்னா ஆர்டர் வங்கதேசம் போயிடும்"னார். தையலில் குறையான்னு கேட்டேன். குறை ஒண்ணும் இல்லையாம், வரிதானாம்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு உதவ ஐரோப்பிய யூனியன் 2001-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆயுதம் தவிர அவர்கள் சரக்குக்கு இறக்குமதி வரி கிடையாது. வங்கதேசம் அந்தப் பட்டியலில் இருந்தது, நாம இல்லை. டி-சர்ட்டுக்கு அங்கே பொது வரி 12 சதவீதம். சலுகை போக நமக்குப் பல வருடம் 9.6 சதவீதம். 100 ரூபாய் பனியன் அங்கே போய் இறங்கும்போது அவர்களுடையது 100, நம்முடையது 109 ரூபாய் 60 காசு. கிட்டத்தட்ட பத்து ரூபாய்! அதை யார் குறைப்பது? நூல் விலை குறையாது. சாயப்பட்டறை பில், கரண்ட் பில் குறையாது. கடைசியில் குறைவது நம்ம கூலிதானுங்க.

நாங்களும் குறைத்துக்கொண்டோம். 7 மாதம் தவணை கட்ட முடியலை. குழுச் சேமிப்பில் உள்கடன் கொடுத்ததால்தான் மெஷின் கைவிட்டுப் போகலை.

இதுக்காக வங்கதேசப் பெண்கள் மேல கோபப்படக் கூடாது. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா பக்கம் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிறையப் பேர் நம்மைப் போல தைத்த பெண்கள். வரியில்லாத ஆர்டர் வந்தது, பாதுகாப்பு கூட வரலை.

சலுகை நிலையானதும் இல்லை. மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று இலங்கையின் சலுகையை 2010-ல் நிறுத்தினார்கள். 2017-ல்தான் திரும்பக் கிடைத்தது. நமக்கும் 2022-ல் ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா ஒப்பந்தங்கள் வந்து, அங்கே துணிமணிக்கு இருந்த 5 சதவீத வரி போனது.

அதனால் மூணு விசயம் சொல்றேன். மெஷினுக்குக் கடன் வாங்கும் முன்னாடி, சரக்கு எந்த நாட்டுக்குப் போகுதுன்னு கேளுங்க. ஒரே கம்பெனியை நம்பாதீங்க. ரேட்டை நோட்டில் எழுதி வாங்குங்க. வரியைக் காட்டிக் கூலியைக் குறைச்சாங்களே, வரி போனா தானா ஏத்துவாங்களா? கேட்கணும். தனியாக இல்லை, கூட்டமைப்பாகக் கேட்கணும்.