கடலில் யார் யாருக்கு வழி விடுவது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கடலோரக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது)



நான் மீன் கூடை தூக்குகிறவள். மேடை ஏறிப் பேசிப் பழக்கம் இல்லை. கடன் வாங்கியதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டபோது, எங்கள் குழுப் பதிவேட்டில் நான் பேனாவால் அடித்த ஒரு வரிதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பைபர் படகுக்காகக் குழுவில் உள்கடன் கேட்டேன். வீட்டில் எழுதிக் கொடுத்த பட்டியலில் எஞ்சின் பழுது, வலை, கயிறு, கடைசியாக விளக்கும் பேட்டரியும் இருந்தன. தொகை கூடுகிறதே, தவணை கட்ட முடியுமா என்று யோசித்து, அந்தக் கடைசி வரியை நானே அடித்தேன். "கையில டார்ச் லைட் இருக்குல்ல, போதும்" என்றேன். கணக்கில் கெட்டிக்காரி என்று குழுவில் பெயர் எடுத்தவள் நான்.

அந்தத் தை மாசம், ஒருநாள் விடியக்காலம். கடல் மேல் பனி மூட்டம். வலையை விட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்திப் படகைப் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர், கொழுந்தன், இன்னும் இரண்டு பேர். ராத்திரி முழுக்கப் பாடுபட்ட அசதியில் நாலு பேரும் கண் அசந்துவிட்டார்கள். எஞ்சின் சத்தம் கேட்டு எழுந்து டார்ச்சைத் தேடுவதற்குள், கரைக்குத் திரும்பிய ஒரு விசைப்படகு பக்கவாட்டில் ஏறிவிட்டது. எங்கள் படகு கவிழ்ந்தது. இடித்தவர்களே நாலு பேரையும் தண்ணீரில் இருந்து தூக்கிக் கரை சேர்த்தார்கள். உயிர் போகவில்லை. கொழுந்தனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் அவர் கடலுக்குப் போவதில்லை. ஏலம் விடும் இடத்தில் கணக்கு எழுதுகிறார்.

ஊர்க் கூட்டத்தில் இரண்டு பக்கமும் சத்தம். "வலை விட்டுக் கிடக்கிற படகு மேல ஏத்தலாமா?" என்றார்கள் நம் ஆட்கள். அந்த டிரைவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "படகு கிடக்குதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? விளக்கு எங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. பதில் என் பதிவேட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொழுந்தனிடம் போய் அழுதேன். "விடுங்க அண்ணி, நாங்களும்தான் தூங்கிட்டோம்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் இதைத் தெரிந்துகொள்ளணும் என்று தோன்றியது. எங்கள் பெரியப்பா ஒருவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் குழுக் கூட்டத்துக்கே கூப்பிட்டோம். அவர் தரையில் இரண்டு தீப்பெட்டியை வைத்தார். எங்களிடம் கண்ணாடி வளையல் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் இடப்பக்கம் சிவப்பு வளையல், வலப்பக்கம் பச்சை வளையல் வைத்தார். "இதுதாம்மா கடல் ரோட்டு விதி" என்றார். 1972-இல் உலக நாடுகள் சேர்ந்து எழுதி, 1977-இல் நடைமுறைக்கு வந்த விதிகளாம். பெரிய கப்பலுக்கும் அதுதான், நம் படகுக்கும் அதுதான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

முதல் விதி, எப்போதும் ஒரு ஆள் முழித்திருக்கணும். கண்ணாலும் பார்க்கணும், காதாலும் கேட்கணும். வலை விட்டுக் காத்திருக்கும்போதும் முறை போட்டு ஒருவர் காவல் இருக்கணும்.

இரண்டாவது, ரோட்டில் நாம் இடப்பக்கம் போகிறோம். கடலில் வலப்பக்கம். எதிரும் புதிருமாக இரண்டு எஞ்சின் படகு வந்தால், இரண்டும் வலப்பக்கம் திருப்பணும். ஒருவர் வலம், ஒருவர் இடம் என்று திருப்பினால் அங்கேயே மோதல்தான். முகத்துவாரத்திலும் அவரவர் வலது கரையை ஒட்டியே போகணும், வரணும். அந்தக் குறுகலான வழியில் வலை விட்டு மற்றவர் பாதையை அடைக்கக் கூடாது.

மூன்றாவது, குறுக்கே வரும் படகு. உங்கள் வலப்பக்கத்தில் இருந்து ஒரு படகு குறுக்கே வந்தால், வழி விட வேண்டியது நீங்கள். ராத்திரியில் இதை வளையல் வைத்துக் காட்டினார். வலப்பக்கம் இருந்து குறுக்கே வருகிறவனின் சிவப்பு விளக்குதான் நமக்குத் தெரியும். சிவப்பு தெரிந்தால் நாம் வேகத்தைக் குறைக்கணும், அல்லது அவன் பின்பக்கமாகச் சுற்றிப் போகணும். இடப்பக்கம் இருந்து வருகிறவனின் பச்சை தெரிந்தால் அவன் வழி விடணும்; நாம் அதே திசையில், அதே வேகத்தில் போகணும். அவன் விலகுவதாகத் தெரியவில்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது, நாமும் விலகணும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அவன் நேராக நம்மைப் பார்த்தே வருகிறான்.

நாலாவது, பின்னால் இருந்து முந்துகிறவன்தான் விலகிப் போகணும். ஐந்தாவது, வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குச் சும்மா ஓடுகிற எஞ்சின் படகு வழி விடணும். அப்போ எங்கள் பக்கம் நியாயம் இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சும்மா. ஆனா நீங்க வலை விட்டிருக்கீங்கன்னு சொல்ற விளக்கு உங்ககிட்ட இல்லையே" என்றார் பெரியப்பா. மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று சுற்றிலும் தெரிகிற மாதிரி எரிந்தால் வலை விட்ட படகு. மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் இழுவை மடி இழுக்கிற படகு.

மோதப் போகிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் சொன்னார். நாம் உட்கார்ந்த இடத்தை மாற்றாமல், நம் படகின் ஒரு கம்பத்துக்கு நேராக எதிர்ப் படகைப் பார்க்கணும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது கம்பத்தை விட்டு நகர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்தோம். நகராமல் அதே இடத்தில் இருந்து பெரிசாகிக்கொண்டே வந்தால் மோதல் நிச்சயம்.

ஒலிக்கும் கணக்கு உண்டு. ஒரு சின்ன ஒலி, நான் வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு, இடப்பக்கம். மூன்று, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன். ஐந்து, நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. பனி மூட்டத்தில் மீன்பிடிப் படகு இரண்டு நிமிஷத்துக்குள் ஒரு தடவை, ஒரு நீள ஒலி, இரண்டு சின்ன ஒலி கொடுக்கணும். சின்னப் படகில் ஊதுகுழல் இல்லையென்றால் விசில், தட்டு, எதையாவது தட்டிச் சத்தம் காட்டணும்.

கடைசியாக, பெரிய கப்பலிடம் நியாயம் பேசக் கூடாது என்றார். அதை நிறுத்தவே ஒரு மைலுக்கு மேல் ஓட்டம் வேண்டியிருக்கும். அதன் மூக்குக்குக் கீழே கிடக்கிற சின்னப் படகு மேலே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முன்கூட்டியே நாம்தான் விலகணும்.

வீட்டில் போய் இதையெல்லாம் சொன்னேன். "முப்பது வருஷமா கடலுக்குப் போறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று கோபப்பட்டார். "கடல் உங்களுக்குத் தெரியும். இருட்டுல வர்றவனுக்கு நீங்க தெரியணுமே" என்றேன். பேசாமல் இருந்தார். மறுநாள் அவரே கடைக்குப் போய் விளக்கு வாங்கி வந்தார்.

எங்கள் குழு அந்த மாசமே ஒரு தீர்மானம் போட்டது. படகுக் கடன் கேட்டு வருகிறவர் பட்டியலில் விளக்கு, பேட்டரி, விசில், ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை இருக்கணும். ஏற்கெனவே இருந்தால் நாங்கள் போய்ப் பார்ப்போம். இல்லையென்றால் அதையும் சேர்த்துத்தான் கடன். தவணை மாசம் கூடினால் கூடட்டும். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். பணம் கொடுக்கிறவர்கள் நாம், கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

நம் கூட்டமைப்பில் கடலோரக் குழுக்கள் நிறைய இருக்கின்றன. உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இன்று ராத்திரி வீட்டில் சோறு கட்டிக் கொடுக்கும்போது, பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கா, விளக்கு எரியுதா, இன்றைக்கு யார் முழித்திருப்பது என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

அந்தப் பழைய பதிவேடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடித்த வரியைக் கிழித்துப் போடவில்லை. புதுசாகக் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் படிவத்தைக் கொடுக்கிறேன்.