ஒரு படத்தில் எட்டுப் பேர்

(பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





இந்த மலருக்காகப் பழைய படங்களைச் சேகரிக்கும் பொறுப்பை எங்களைப் போன்ற இளைய வியாபாரிகளிடம் தந்தீர்கள். ஜாசின் பக்கத்துத் தோட்டக் கடை வாசலில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. எட்டுப் பேர் நிற்கிறார்கள். மூன்று பேரின் பெயர்தான் தெரிந்தது. மற்ற ஐவரை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் மௌத்தாகிவிட்டார்கள். அவர்கள் நம்மோடு இருந்தபோது நாம் கேட்கவில்லை. கேட்டவர்களும் எழுதி வைக்கவில்லை.

அதே வாரம் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. எஸ்.டி.பி.எம். முடித்த அண்ணன் மகள், இதழியலும் கலையும் சேர்த்துப் படிக்கப் போகிறேன் என்றாள். நாங்கள் எல்லாரும் வேண்டாம் என்றோம். "1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் நின்றுபோய்விட்டது. நீ எங்கே போய் வேலை பார்ப்பாய்? கணக்கியல் படிம்மா" என்றோம். அவள் அந்தப் படத்தைக் காட்டி, "சாச்சா, இந்த அஞ்சு பேரைப் பத்தி யார்தான் எழுதுறது?" என்றாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

நாங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தவர்கள். கைத்தொழிலின் அருமை எங்களுக்குத் தெரியும். இதழியலும் ஒரு கைத்தொழில்தான். பேட்டி எடுப்பது, சொன்னதைச் சரிபார்ப்பது, சுருங்க எழுதுவது எல்லாம் பழகப் பழக வரும். ஆனால் அது மட்டும் போதாது என்பதை அவளோடு பேசிய பிறகே உணர்ந்தோம்.

ஒரு முதியவர், "தொரை தோட்டத்த வித்துட்டாரு, நாங்க கிளம்பிட்டோம்" என்கிறார். தொழில் மட்டும் தெரிந்தவர் அதை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். வரலாறும் படித்தவருக்கு 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டது தெரியும். அதற்கு மாற்றாக 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது தெரியும். ஆகவே அவர், "எந்த வருசம்? வாங்கியது யார்? கையில் என்ன கொடுத்தார்கள்? கடைப் பாக்கி என்ன ஆனது?" என்று கேட்பார். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் நம் அத்தாமார்களின் பற்று நோட்டில் இருந்தது. 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். நம் மாநிலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எழுத்தும் அச்சும் நமக்குப் புதியவை அல்ல. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் நாகூர் வழி வந்தவர்கள். சிறு வயதில் தமிழ் கற்றார். அச்சுத் தொழிலையும் மலாக்காவிலேயே கற்றார். 1838-இல் கிளந்தானுக்குப் போய், கண்ணால் கண்டதை எழுதினார். 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழை நடத்தினார். நம்மவர்கள் அன்றே செய்த வேலைதான் இது. இன்று அதை முறையாகப் படிக்கலாம்.

இனிப் படிப்பைப் பற்றிச் சொல்கிறோம். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இதழியலையும் கலையையும் இணைத்து நான்கு ஆண்டில் இரட்டைப் பட்டம் பெறும் வழி உண்டு. செலவு அதிகம். நம் நாட்டிலேயே அதற்கு நெருக்கமான வழிகள் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறையும் ஊடகத் துறையும் ஒரே புலத்தில் இருக்கின்றன. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் கலை, சமூக அறிவியல் புலத்தில் இதழியல் பட்டம் தருகிறது. ஒன்றை முதன்மையாக எடுத்து, மற்றதில் விருப்பப் பாடங்களைத் தேட வேண்டும். எதை எடுக்கலாம் என்று விண்ணப்பிக்கும் முன்பே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

சம்பளம் கொட்டும் என்று பொய் சொல்ல மாட்டோம். தமிழ்ப் பத்திரிகை வேலை குறைவு. மின்னல் பண்பலை, பெர்னாமா தமிழ்ச் செய்தி போன்ற இடங்களும் எண்ணிவிடக்கூடியவைதான். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறோம். ஒரு கால் வழுக்கினாலும் மறுகால் ஊன்றும். மொழியும் வரலாறும் தெரிந்து மூன்று மொழியில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஆசிரியர் பணி, அரசுப் பணி, நிறுவனங்களின் தொடர்புத் துறை என்று வேறு வாசல்களும் உண்டு.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நம் கல்வி நிதி இதுவரை மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றே போயிருக்கிறது. அதில் தவறில்லை. இனி ஆண்டுக்கு ஓர் இடத்தை இந்தப் படிப்புக்கு ஒதுக்குங்கள். நிதி பெறும் பிள்ளை ஒவ்வொரு விடுமுறையிலும் நம் பெரியவர்கள் ஐந்து பேரிடம் உட்கார்ந்து கேட்டு, எழுதிச் சங்கத்தில் சேர்க்கட்டும். முதல் ஆண்டுச் செலவில் ஒரு பங்கை எங்கள் கடைகள் ஏற்கும்.

அண்ணன் மகள் விண்ணப்பித்துவிட்டாள். நாங்கள் தடுக்கவில்லை. படத்திலுள்ள அந்த ஐவரை இனி அவளாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஆனால் இன்று இந்த மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நாம் அப்படி விட்டுவிடக் கூடாது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து, படங்களின் பின்னால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். மீதியைப் படித்து வரும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.