பாசம் இல்லாமலா போனார்?

 

'முதலிடம் கடமைக்கா, குடும்பப் பாசத்துக்கா?' இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணியில் பேசிய தம்பி ஒரு வார்த்தை சொன்னார். "கடமை, கடமைன்னு ஓடுறவங்களுக்குப் பெத்த பிள்ளை ரெண்டாம்பட்சந்தான்" என்றார். அந்த வார்த்தை நெஞ்சுல முள்ளாத் தைச்சுப்போச்சுங்க. அதுக்குப் பதில் சொல்லத்தான் எந்திரிச்சு நிக்கிறேன்.

நான் சூலூர்க்காரி. கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் வந்தால் எங்க ஊர். வீட்டை ஒட்டியே விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு அடுத்தபடி எங்க காதுல கேக்குறது விமானச் சத்தந்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே அங்கே விமானத்தளம் உண்டு. 2018-ல் இருந்து, நம்ம நாட்டிலேயே செஞ்ச தேஜஸ் போர் விமானங்களும் அங்கிருந்து பறக்குது. தொட்டில்ல தூங்குற பேரன் அந்தச் சத்தத்துல திடுக்கிட்டு அழுதா, நான் வெளியே வந்து வானத்தைப் பார்த்துத் திட்டுவேன். அந்த விமானத்துக்குள்ள ஒரு குழந்தையோட அப்பா உட்கார்ந்திருப்பாருன்னு ஒரு நாளும் நெனச்சதில்லீங்க.

2021 டிசம்பர் 8 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க சூலூர்ல இருந்து கிளம்பின ஹெலிகாப்டர் குன்னூர் பக்கத்துல நஞ்சப்பா சத்திரத்துல விழுந்துச்சு. போனவங்க 14 பேர். முப்படைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்னிக்கே போயிட்டாங்க. மிச்சமிருந்த குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்துல போயிட்டார். அதை ஓட்டினவர் விங் கமாண்டர் பிருத்வி சிங் சவுகான். சூலூர் ஹெலிகாப்டர் பிரிவுக்கே அவர்தான் தலைவர். அவருக்கும் ரெண்டு குழந்தைங்க.

மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு ரோடு வழியா உடல்களைக் கொண்டு வந்தாங்க. வழி நெடுக ஜனங்க நின்னு பூ போட்டாங்க. நானும் போட்டேன். போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன், மறந்தேன்.

மறந்தேன்னு ஏன் சொல்றேன் தெரியுங்களா? கொஞ்ச மாசம் கழிச்சு விமானப்படையில வேலை பார்க்குற ஒரு தம்பி, மனைவியும் கைக்குழந்தையுமா வந்து, எங்க மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டார். "ரெண்டு வருசத்துல மாத்தலாகிப் போயிருவீங்க, பாஷையும் தெரியாது, ஒத்து வராதுங்க"ன்னு அனுப்பிச்சிட்டேன். பூப்போட்ட கைதானுங்க அன்னைக்குக் கதவையும் சாத்துச்சு. (அரங்கில் அமைதி)

அப்புறம் 2025 நவம்பர் 21. துபாய் விமானக் கண்காட்சியில தேஜஸ் விமானம் விழுந்துச்சு. ஓட்டினவர் விங் கமாண்டர் நமன்ஷ் சியால். சொந்த ஊர் இமாச்சலப் பிரதேசத்துல காங்க்ரா பக்கம். இருந்தது எங்க சூலூர்ல. அவர் மனைவியும் விமானப்படை அதிகாரி. சின்னப் பெண் குழந்தை ஒண்ணு.

எதிரணித் தம்பி, இதைக் கொஞ்சம் கேளுங்க. மனைவி பயிற்சிக்காக வெளியூர்ல. இவர் துபாயில. குழந்தையை அப்படியே விட்டுட்டா போனாங்க? இமாச்சலத்திலிருந்து தாத்தாவும் பாட்டியும் கோயமுத்தூருக்கு வந்து பேத்தியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நாம வெளியூர் போறப்ப என்ன பண்றோம்? அம்மாவை வரச்சொல்லி, பிள்ளையைக் கையில குடுத்துட்டுத்தானே பஸ் ஏறுறோம்? அதேதானுங்க! பிள்ளை ரெண்டாம்பட்சமா இருந்தா இந்த ஏற்பாடெல்லாம் எதுக்குங்க? (கைதட்டல்)

முந்தின நாள் அப்பாகிட்ட போன்ல பேசினவர், "நான் பறக்கிறதை டிவியிலயோ யூடியூபுலயோ பாருங்கப்பா"ன்னு சொன்னாராம். அந்தத் தகப்பனும் ஆசையாத் தேடியிருக்கார். கண்ணுல பட்டது விபத்துச் செய்தி! நாட்டுக்காகப் பறந்தவர், தான் பறக்கிறதைப் பெத்தவர் பார்க்கணும்னு ஆசைப்பட்டிருக்காரே, அதுக்குப் பேரு பாசம் இல்லாம வேற என்னங்க?

நவம்பர் 23-ல் உடல் சூலூருக்கு வந்து, அங்கிருந்து சொந்த ஊருக்குப் போச்சு. அங்கே அந்த மனைவி சீருடையோட நின்னு, கண்ணுல தண்ணி வழிய சல்யூட் அடிச்சாங்க. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. சொல்லுங்க நடுவர் ஐயா, அதுல கடமை எது, பாசம் எது? பிரிச்சுக் காட்ட முடியுங்களா? (பலத்த கைதட்டல்)

ஆனா ஒண்ணு. ஜெயிக்கணுங்கிறதுக்காக நான் பொய் பேச மாட்டேன். தியாகம், வீரம்னு நாம ஆயிரம் சொன்னாலும், அந்தக் குழந்தையோட பள்ளிக்கூட விழாவுக்கு அப்பா வரமாட்டார். பதக்கம் வந்து சோறு ஊட்டாது. பெருமையால அந்த இடம் நிறையவே நிறையாதுங்க. அதனாலதான் சொல்றேன், கடமைக்கு முதலிடம் குடுத்துட்டுப் போனவங்களோட பாசக் கடன் நம்ம தலையில விழுந்திருக்குது. ரோட்டுல நின்னு பூப்போடுறது ஒரு நாள் வேலை. அவங்க பிள்ளைங்களுக்கு அக்கம்பக்கமா இருக்கிறதுதான் வருசம் பூரா செய்ய வேண்டிய வேலை.

இப்ப எங்க மாடியில ஒரு விமானப்படைக் குடும்பம் குடியிருக்குது. நானே கூப்பிட்டுக் குடுத்தேன். அந்த வீட்டுப் பொண்ணுக்கு நாலு வயசு. என் பேரன் கூப்பிடறதைக் கேட்டுக் கேட்டு என்னை அதுவும் "அம்மிச்சி"ங்குது. மேல சத்தம் கேட்டா, ரெண்டும் வாசலுக்கு ஓடிவந்து கை காட்டுதுங்க.

நான் இப்பவும் வெளியே வந்து வானத்தைப் பாக்குறேன். திட்டறதுக்கு இல்லீங்க. போன சத்தம் திரும்பி வந்து இறங்குற வரைக்கும், தறி ஓடினாலும் என் காது அங்கேயேதான் இருக்குது.

பாசம் இருக்கிறவங்கதான் கடமைக்குப் போறாங்க! (நீண்ட கைதட்டல்)